லீவு போடாத விண்மீன்

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யலாம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் ஞானதிரவியம், மறுநாள் டீ குடித்துக்கொண்டே தன் வாயால் சொன்னது.

சனிக்கிழமைதோறும் ஆய்வு மாணவி பூங்கோதை அரூர் கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கியோடு வந்து இறங்குவாள். மக்களுக்கு வானத்தைச் சொன்னால்தான் முனைவர் பட்டம் என்பது விதி. கேட்க வருபவர்கள் நெஞ்சில் பேஸ்மேக்கர் என்னும் துடிப்பி பொருத்திக்கொண்டவர்கள். துடிவிண்மீனின், அதாவது பல்சாரின், டக் டக் ஒலியை அவள் நேரலையில் ஓடவிடுவாள். அவர்கள் நெஞ்சில் கைவைத்துத் தாளம் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். சேரும்.

சேராமல் என்ன செய்யும்? முன்பு துடிப்பிகளை ஓட்டிய, மனிதன் செய்த கடிகாரங்களுக்குள் விஷமிகள் புகுந்து, ஒரே பகலில் ஊர் ஊராக இதயங்களை நிறுத்தியிருந்தார்கள். எந்தப் பாவியின் கையும் எட்டாத கடிகாரம் வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. அதன்பின் சித்தேரி மலையிலுள்ள ரேடியோ தொலைநோக்கித் தட்டு விண்மீனின் துடிப்பைப் பிடித்து அனுப்பும். நெஞ்சுகள் அதைக் கேட்டு அடிக்கும். விண்மீன் தடுமாறினால் துடிப்பிகளைச் சொந்தத் துடிப்புக்கு மாற்ற, பணியிலிருக்கும் மாணவரிடம் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு.

ஞானதிரவியத்துக்கு ஒரு பழக்கம். மாணவர்கள் அசந்துவிடக் கூடாதென்று, அவர்களுக்கு வரும் தரவில் மட்டும் பொய் இடைவெளிகளைச் செருகிவிடுவார். போன மாதம் அதை நம்பிப் பூங்கோதை பொத்தானை அழுத்தினாள். தாளம் மாறிய பயத்தில் மாவட்டமே ஆஸ்பத்திரிக்கு ஓடியது. நெரிசலில் ஒருவர் செத்தார். இன்னொரு பொய் எச்சரிக்கை வந்தால் பட்டமே கிடையாது என்றது ஆய்வுக்குழு. இனி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் சார் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"சொல்லிட்டுச் செஞ்சா அதுக்குப் பேரு பரிட்சையாம்மா?" என்றார்.

இந்தச் சனிக்கிழமை லாரி டிரைவர் மாதையன் எழுந்து கேட்டார். "ஏம்மா, உன் நட்சத்திரம் ஒரு நாள் லீவு போட்டா நாங்க என்ன பண்றது?"

"அது கவர்மெண்டு வேலை இல்லீங்கண்ணா. லீவே கிடையாது."

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஒலிபெருக்கி நின்றது. திரையில் கோடு படுத்துவிட்டது.

பூங்கோதையின் விரல் பொத்தானுக்குப் போனது. நிமிர்ந்து பார்த்தாள். ஞானதிரவியம் தலையைத் தொங்கப்போட்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தாள். விரலை எடுத்துவிட்டாள்.

"இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன் சார்," என்றாள் மைக்கிலேயே.

யாரும் இருமக்கூட இல்லை. இவ்வளவு கவனமான கூட்டம் தனக்கு வாய்த்ததே இல்லை என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நெடுநேரம் கழித்து டக் டக் ஒலி திரும்பி வந்தது. சரிபார்க்க ஒரு கையும் நெஞ்சுக்குப் போகவில்லை.

ஞானதிரவியத்தின் நெஞ்சில் இருந்ததும் அதே துடிப்பிதான்.