பட்டாணி போய்ப் படுத்த இடம்

சரக், சரக், சரக்.

மெர்சி கணக்கு நோட்டை மூடிவிட்டு எட்டிப் பார்த்தாள். அவளுடைய நாய் பட்டாணி மறுபடியும் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது. அங்கே முடி கொட்டித் தோல் சிவந்திருந்தது.

அம்மா வேப்பிலை அரைத்துப் பூசியதில் பட்டாணி பச்சை நாயாக மாறியதுதான் மிச்சம். அரிப்பு நிற்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அம்மாவும் மெர்சியும் அதை மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் அஃப்ஷீன் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

“உண்ணி இல்லீங்க. முதுகும் நல்லா இருக்குது. வயித்துலயும் கால் இடுக்குலயும்தான் புண்ணு. படுக்கற இடத்துல ஏதோ ஒத்துக்கல.”

“ஊட்டுல சாக்கு மேலதாங்க படுக்கும். அதையும் தொவச்சுப்போட்டோமுங்க,” என்றாள் மெர்சி.

“வேற எங்க போய்ப் படுக்குதுன்னு பாரு கண்ணு. அதக் கண்டுபுடிச்சாத்தான் மருந்து புடிக்கும்.”

மாலை நான்கு மணிக்குப் பட்டாணி சோம்பல் முறித்து, வேலிச் சந்தில் நுழைந்தது. மெர்சி பூனைபோல் அந்த நாயைப் பின்தொடர்ந்தாள்.

அது போனது பக்கத்து வீட்டுக்கு. அவளுடைய சிநேகிதி வர்ஷினியின் வீடு. வர்ஷினியின் அப்பாவுக்கு வேலை மாறியதால், அவர்கள் உடுமலைப்பேட்டைக்குப் போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. பூட்டிய கதவைப் பார்க்கப் பிடிக்காமல் மெர்சி அந்தப் பக்கமே வருவதில்லை.

பட்டாணி வீட்டின் பின்புறம் துவைக்கிற கல்லருகே போய், வயிறு தரையில் படப் படுத்தது. கண் மட்டும் கதவின் மேலேயே இருந்தது.

பள்ளி விட்டு வந்ததும் அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் இருவரும் வர்க்கி தின்பார்கள். பட்டாணிக்கும் ஒரு பங்கு உண்டு. வர்ஷினி தராமல் ஏமாற்றினால், அது அவள் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும். அவள் ஒற்றைச் செருப்போடு நொண்டியடித்துத் துரத்துவாள்.

நினைத்ததும் மெர்சிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

“நீயும் அவளத்தான் தேடுறியா?”

பட்டாணி வாலை ஆட்டியது. பிறகு சொறிய ஆரம்பித்தது.

அப்போதுதான் மெர்சி தரையைக் கவனித்தாள். பெருக்க ஆளில்லாத அந்த இடத்தில், பொடிப்பொடி வெள்ளைப் பூக்களோடு செடிகள் மண்டிக் கிடந்தன. பார்த்தீனியம்! ‘தொட்டால் அரிக்கும்’ என்று அறிவியல் டீச்சர் படத்தில் காட்டிய அதே செடி.

“அம்மா! கண்டுபுடிச்சுட்டேன்!”

அம்மா வந்து பார்த்தார். “அப்ப இனிமே இதக் கட்டிப்போட வேண்டியதுதான்.”

“வேண்டாம்மா, பாவம். அது வர்ஷினியத் தேடித்தான் வருது. செடியப் புடுங்கிட்டாப் போதுமில்ல?”

“அடுத்தவங்க எடத்துல நாம கை வெக்கலாமா அம்மணி?”

“கேட்டுப்போட்டு வெக்கலாம்!”

மெர்சியே போன் செய்து கேட்டாள். “தாராளமாப் புடுங்கச் சொல்லு கண்ணு,” என்றார் வர்ஷினியின் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை மெர்சியின் அப்பா கையுறை மாட்டி, மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு செடிகளை வேரோடு பிடுங்கினார். தள்ளி நிற்கச் சொன்னதால், மெர்சி தூரத்திலிருந்தே அதிகாரம் செய்தாள்: “அப்பா, அங்க ஒண்ணு! கல்லுக்குப் பின்னால ஒண்ணு!”

இரண்டு வாரம் டாக்டர் கொடுத்த மருந்தைப் பூசியதும் சிவப்பு மறைந்து, பூனைமுடிபோல் புது முடி எட்டிப் பார்த்தது.

அன்று துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மெர்சி வர்ஷினிக்கு வீடியோ கால் போட்டாள். குரல் கேட்டதும் பட்டாணி துள்ளி எழுந்து, போனுக்குப் பின்னால் போய்த் தேடியது.

“டேய், நான் முன்னாடி இருக்கறேன்டா!” என்று வர்ஷினி சிரித்தாள். “பரீட்ச லீவுக்கு வாரேன் மெர்சி. அவன்கிட்டயும் சொல்லிப்போடு.”

மெர்சி குனிந்து அதன் காதில் சொன்னாள். பட்டாணி மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. அரிப்பெல்லாம் இல்லை, மெர்சி தடவிக்கொடுத்தால் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.