திமிங்கிலத்தைச் சுமந்த கார்

காரின் தலையில் திமிங்கிலம் படுத்திருந்தது. கார் கிளம்புவதாக இல்லை.

திமிங்கிலம் அட்டையால் ஆனது, மேலே பழைய நீலப் போர்வை. வீடே கூடி, விரலெல்லாம் பசையாக்கிக்கொண்டு ஒட்டியது. இன்று பள்ளி நாடகத்தில் தம்பி அதற்குள் புகுந்து நடிக்க வேண்டும். கடலில் தொலைந்த முத்தைக் கடைசியில் கண்டுபிடித்துத் தருவதே திமிங்கிலம்தான். அது போய்ச் சேராவிட்டால் நாடகமே இல்லை. இவ்வளவு பெரிய உருப்படியை எந்தப் பேருந்திலும் ஏற்ற மாட்டார்கள்.

அம்மா சாவியைத் திருப்பினார். கிர்... கிர்... டக். அவ்வளவுதான்.

வெளியே பற்கள் தந்தியடிக்கும் குளிர். காரும் கிழட்டுக் கார், அக்காவுக்கும் தம்பிக்கும் மூத்தது. அம்மா மறுபடி திருப்பினார். இந்த முறை வெறும் டக் மட்டும் வந்தது.

மாமா இறங்கிப் போய் முன்மூடியைத் திறந்து, இடுப்பில் கைவைத்து உள்ளே உற்றுப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் பார்க்கும் தோரணையில் குறை சொல்ல முடியாது. முதலில் ஆயில் உறைந்துவிட்டது என்றார். பிறகு பிளக் என்றார். கடைசியில் மேலே பார்த்து, பழியைத் திமிங்கிலத்தின் மேல் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அப்பா மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவருடைய போன் அணைந்திருந்தது. தூக்கிக்கொண்டே நடந்துவிடலாமா என்று அப்பா கேட்டார். வழியில் பாலத்துக் காற்றில் வால் தனியாகப் பறந்துவிடும் என்றார் அம்மா.

நாடகத்தில் தம்பிக்கு ஒரே ஒரு வசனம்: "இதோ முத்து!" குளிக்கும்போது, சாப்பிடும்போது, தூக்கத்தில்கூட அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது வாயை இறுக மூடியிருந்தான். அக்காவுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

அக்காவுக்கு வீட்டில் தொணதொணா என்று பெயர். எதற்கும் ஏன் என்பாள். பதில் வந்தால் அதற்கும் ஓர் ஏன் வைத்திருப்பாள்.

"நேத்தும் இதே குளிர்தானேம்மா? கார் எப்படிக் கிளம்புச்சு?"

"ஒரே திருப்புல கிளம்பிடுச்சே."

"நேத்து கார்ல யாரெல்லாம் இருந்தீங்க?"

"நான் மட்டும்தான்."

"அப்ப காருக்கு நம்ம மேலதான் கோபம்" என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை திருப்பச் சொல்லி, காருக்குள் சுற்றிலும் பார்த்தாள். அவள் பின் இருக்கையின் நடுவில் இருந்தாள். அங்கே கைக்கு எட்டும்படி ஒரு பொத்தானும் கிடையாது. அதனால் அவளுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஏறியதும் ஆளுக்கொன்றை அழுத்துவது அந்த வீட்டு வழக்கம். மாமா முன்னிருக்கையில் உட்கார்ந்ததும் எட்டிப் பாட்டுப் போடுவார். அப்பாவுக்கு ஹீட்டர் உடனே ஓட வேண்டும். தம்பிக்கு உள்விளக்கு எரிய வேண்டும். பனிமூட்டம் என்று அம்மா முன்விளக்கைப் போட்டிருந்தார். சாவி திரும்பியபோது பாட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் இழுப்பதுபோல இழுத்தார். உள்விளக்கு மங்கியது.

வீட்டில் ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடும்போதும் விளக்கு இப்படித்தான் மங்கும். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"பேட்டரிக்குக் குளிர்ல ஏற்கெனவே தெம்பு இல்ல. நாம ஆளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கோம். அதுக்கு மேல இன்ஜினையும் சுத்துன்னா அது என்னதான் பண்ணும்?"

எல்லாவற்றையும் அணைத்தார்கள். ஆனால் அடுத்த நொடியே மாமாவின் விரல் தானாகப் பாட்டை நோக்கி நகர்ந்தது.

"எல்லாரும் கையைத் தலை மேல வைங்க" என்றாள் அக்கா.

வைத்தார்கள். பேட்டரி கொஞ்சம் மூச்சு விடட்டும் என்றாள். காருக்குள் பெருமூச்சுகள் வெண்புகையாக எழுந்தன. பிறகு அவள் தலையாட்டியதும் அம்மா கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினார்.

கிர்... கிர்... கிர்... டர்ர்ர்ர்!

கார் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு உறுமியது. மேலே திமிங்கிலம் வாலை ஆட்டியது.

"இதோ முத்து!" என்று தம்பி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அப்போதும் யாரும் கையை இறக்கவில்லை, அக்காவின் உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாக அனுமதித்தாள். மாமாவின் பாட்டுதான் கடைசி.

நாடகத்தில் முத்து கிடைத்தது. தம்பியின் குரல் கடைசி வரிசை வரை கேட்டது, அப்பா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

மாலையில் மறுபடி குளிர் இறங்கியது. பள்ளி வாசலில் கார்கள் இருமிக்கொண்டு நின்றன. இவர்கள் ஏறினார்கள், யாரும் சொல்லாமலே கைகளைத் தலையில் வைத்தார்கள். ஒரே திருப்பில் கார் கிளம்பியது.

பக்கத்துக் காரில் வெகுநேரமாகச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்த டீச்சர் இதைப் பார்த்தார். ஒரு கையைச் சாவியில் வைத்து, மறு கையை மெல்லத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

அக்கா தம்பியின் மேல் சாய்ந்து எட்டிக் கண்ணாடியை இறக்கினாள். "முதல்ல பாட்டை நிறுத்துங்க மிஸ்."