இருபத்து நாலு பிட்டில் ஒரு குரல்

அருமனையில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய என் ஸ்டூடியோவுக்குச் செல்வதாஸ் அண்ணன் வந்தது மழை பெய்த ஒரு மதியம். குடையை மடக்கி வைத்துவிட்டு பென் டிரைவை நீட்டினார். அவர் மனைவி பூங்கனி அக்கா, இறப்பதற்குப் பதினொரு நாள் முன்பு என்னிடம் வந்து பாடிய பாட்டு அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நினைவு ஜெபத்தில் அதைப் போட வேண்டும்.

"சத்தத்தக் கூட்டி வச்சா வெறும் இரைச்சல்தான் கேக்கு மக்கா. அவ குரல் இல்ல."

தப்பு என்னுடையது. சபைப் பாடகர் குழுவைப் பதிந்தே பழகிய கை. அந்த அக்காமார் பாடினால் மைக்கே பின்வாங்கும். அதனால் பதிவின் அளவைத் தாழ்த்தியே வைப்பேன். பூங்கனி அக்காவுக்கோ அன்று தொண்டையில் காற்றுதான் மிச்சம். திரையில் குரலின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு அசையவே இல்லை. மறுபடி பாடச் சொல்ல மனம் வராமல், நன்றாக வந்திருக்கிறது என்று பொய் சொன்னேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காரில் ஏற்றிவிட்டேன்.

பென் டிரைவில் இருந்தது பதினாறு பிட் நகல். கோடுகள் தள்ளித் தள்ளிப் போட்ட அடிக்கோல் மாதிரி அது. அவ்வளவு மெல்லிய குரல் இரண்டு கோடுகளுக்கு நடுவே தொலைந்துவிடும். மூலப்பதிவு என் கணினியில் இருபத்து நாலு பிட்டில் இருந்தது. அதில் கோடுகள் மிக நெருக்கம். அடியில் கிடக்கும் குரலையும் தூக்கி எடுக்கலாம்.

தூக்கினேன். அக்கா பாடினார். ஒவ்வொரு மூச்சும் கேட்டது.

அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மஸ்கட்டில் லீவு கிடைக்காமல், அடக்கத்துக்கு மறுநாள்தான் அவர் வந்து சேர்ந்தார். அக்கா கடைசிவரை, புருஷனை 'அவிய, அவிய' என்று கேட்டுக்கொண்டே வாசலைப் பார்த்துக் கிடந்தாராம்.

பாட்டு முடிந்தது. நாற்காலி நகர்ந்தது. கதவு மூடியது. வெளியே கார் கிளம்பிப் போனது. பதிவை நிறுத்த மறந்திருக்கிறேன்.

காலி அறை.

"அவிய வந்தாச்சா?"

அக்காவின் குரல். அறையின் மூலையிலிருந்து.

கார் போன பிறகு.

ஓடிய பதிவைச் சட்டென்று நிறுத்தினேன். அண்ணன் பயப்படவில்லை. மைக்கைப் போடச் சொல்லி, அக்கா இருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வந்தாச்சு பூங்கனி. பிந்திப் போச்சு. ஆனா வந்தாச்சு."

பிறகு அழுதார். குடை பிடித்து ரோடு வரை கொண்டுவிட்டேன். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னத அவ கேட்டாளான்னு மட்டும் பாத்துச் சொல்லு மக்கா."

நானும் அதை நினைத்தே பதிவை ஓட விட்டு வந்திருந்தேன். திரும்பி வந்து, உலராத ரப்பர் ஷீட் நாற்றம் நிறைந்த அறையில் தனியாக உட்கார்ந்து கேட்டேன். அண்ணனின் அழுகை. கதவு. மழை.

நெடுநேரம் மழை.

பிறகு, மைக்கில் உதடு படும் நெருக்கத்தில்:

"அவிய வந்தாச்சா?"

இம்முறை சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. பதினாறு பிட்டே போதும்.