ரேடியோவின் மேல் விழுந்த பழி

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் வீட்டில் தினமும் மாலை ஆறரை மணிக்கு பியூஸ் போகும். ரேடியோவில் பாட்டு நிகழ்ச்சி சூடு பிடிக்கும் நேரம் பார்த்துப் போகும்.

"போச்சா?" என்று கூடத்திலிருந்து அம்மா கேட்பார். அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். தைத்ததையெல்லாம் அந்த நேரத்தில்தான் இஸ்திரி போடுவார்.

"போச்சு அண்ணி!" என்று சமையலறையிலிருந்து அத்தை குரல் வரும். அத்தை அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கெட்டிலில் டீக்குத் தண்ணீர் வைத்திருப்பார். அது அவர் தன் முதல் சம்பளத்தில் வாங்கிய மின்சாரக் கெட்டில். அதைத் துடைக்க என்னைக்கூட விட மாட்டார்.

பாவம் ரேடியோ. கரண்ட் போகும்போது அது மட்டும் "கொர்ர்ர்" என்று கத்திவிட்டு அணையும். கத்தியவன்தானே மாட்டுவான்?

"இந்தக் கிழ ரேடியோதான் கரண்டையெல்லாம் குடிக்குது," என்றார் சித்தப்பா. அவருக்கு சைக்கிள் கடையில் வேலை. பியூஸ் கம்பி மாற்றத் தெரிந்ததால் வீட்டில் 'எஞ்சினியர்' என்று பட்டம். "ஞாயித்துக்கிழமை பழைய சாமான்காரர் வருவார். தூக்கிக் குடுத்துடலாம்."

அம்மா ரேடியோவின் மேல் இருந்த துணியை எடுத்து உதறி, மறுபடி ஒழுங்காகப் போட்டார். நாள் முழுக்கத் தைக்கும் அம்மாவுக்கு அந்தப் பாட்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

அந்த வாரம்தான் பள்ளியில் மின்சாரப் பாடம் நடத்தியிருந்தார்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். நான் நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பி, பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, கெட்டில் மூன்றிலும் ஒட்டியிருந்த விவரச் சீட்டைப் படித்தேன்.

எல்லாவற்றுக்கும் மின்னழுத்தம் 230 வோல்ட். ரேடியோவின் மின்னோட்டம் 0.1 ஆம்பியர். வகுத்தேன். 2300 ஓம்! பெருமை தாங்காமல் ஓடினேன்.

"சித்தப்பா! ரேடியோவோட தடை ரெண்டாயிரத்து முந்நூறு!"

"பார்த்தியா!" என்று அவர் தொடையில் தட்டினார். "நான் சொன்னப்ப யாரும் நம்பல. ரெண்டாயிரத்து முந்நூறு தடை! எதுக்கெடுத்தாலும் தடை. அப்புறம் வீட்டுல கரண்ட் எப்படி இருக்கும்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். காப்பாற்றப் போன நானே ரேடியோவுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டேன்!

"அப்படி இல்ல சித்தப்பா. வாசல் குறுகலா இருந்தா கொஞ்சம் பேர்தானே போக முடியும்? தடை அதிகம்னா கரண்ட் கொஞ்சமாத்தான் போகும்."

"எஞ்சினியர்கிட்டயேவா?" என்று சிரித்தார்.

நான் மீதியையும் கணக்குப் போட்டேன். ரேடியோவின் திறன் வெறும் 23 வாட். இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியர், 920 வாட். கெட்டில் 4.6 ஆம்பியர், தடை 50 ஓம்தான், திறனோ 1058 வாட். பெட்டியும் கெட்டிலும் சேர்ந்தால் 8.6 ஆம்பியர். சித்தப்பா போட்ட பியூஸ் கம்பியோ 5 ஆம்பியர் வரைதான் தாங்கும்.

விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? கெட்டிலைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கும் அத்தையின் முகம் வாடிவிடுமே.

"சித்தப்பா, மூணு நாள் டைம் குடுங்க. அதுக்குள்ள பியூஸ் போனா நானே ரேடியோவைத் தூக்கிக் குடுத்துடறேன்."

"சரி, வாத்தியாரம்மா."

வியாழக்கிழமை அத்தை கெட்டிலை எடுத்ததும், நான் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, தண்ணி கொதிக்கிற வரைக்கும் பெட்டியை நிறுத்திட்டு உக்காரு. கை வலிக்கும்ல?"

"என்னடி திடீர் கரிசனம்?" என்றாலும் அம்மா உட்கார்ந்தார். பியூஸ் போகவில்லை. வெள்ளிக்கிழமையும் போகவில்லை.

சனிக்கிழமை நான் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கும்போது, அத்தை பின்னால் நின்றிருந்தார். கையில் என் கணக்கு நோட்டு.

"அப்போ என் கெட்டில்தானா?"

"இல்ல அத்தை! தனித்தனியா இருந்தா ரெண்டும் நல்ல பிள்ளைங்க. சேர்ந்தாத்தான் தகராறு."

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "உன் சித்தப்பனும் நானும் மாதிரி!"

ஞாயிற்றுக்கிழமை வந்த பழைய சாமான்காரரை, "ஒண்ணும் இல்லப்பா," என்று அத்தையே அனுப்பிவிட்டார்.

"நான் அன்னைக்கு ஒரு தட்டு தட்டினேன், ரேடியோ திருந்திடுச்சு," என்றார் சித்தப்பா. நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எஞ்சினியர் பட்டத்தை ஏன் பறிக்க வேண்டும்?

அன்று மாலை கெட்டில் முனக ஆரம்பித்தது. அம்மா பெட்டியை நிறுத்திவிட்டு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். ரேடியோவில் ஒரு பழைய பாட்டு வந்தது. அம்மா மெல்ல அதோடு சேர்ந்து பாடினார், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். சித்தப்பா குடித்து முடித்த டம்ளரைக் கீழே வைக்கக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அவ்வளவு நல்ல குரல் இருந்தது அன்றுதான் எங்கள் வீட்டுக்கே தெரிந்தது.