நிரப்பியே ஆகவேண்டிய கட்டம்

இரத்த அழுத்தம் பார்த்து முடித்ததும் நர்ஸ் மாரியம்மா, "இடது கால் செருப்பக் கழட்டுங்க மிஸ், புண்ணப் பாக்கணும்" என்றாள்.

சரளாவுக்கு எந்தக் காலிலும் புண் கிடையாது. கம்பெனி வருடத்துக்கொரு முறை ஊழியர்களை அனுப்பிவைக்கும் மருத்துவப் பரிசோதனைக்காக ஈப்போவில் இருக்கும் நல்லாயன் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள், அவ்வளவுதான். இருந்தாலும் செருப்பைக் கழற்றிக் காட்டினாள். மாரியம்மா குனிந்து பாதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள், பிறகு கணினித் திரையைப் பார்த்தாள், பிறகு எழுந்து போய் யாரும் கேட்காமலே ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"புண்ணே காணோம். ஆனா ரெக்கார்டுல இருக்கு மிஸ். அளவு போடாம அடுத்த பக்கம் போக விடாதுலா."

"பூஜ்யம்னு போடுங்க."

"எடுத்துக்காது. ஒன்னுலேர்ந்துதான். ஒன்னுன்னு போட்டுடுறேன், அப்புறம் டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கலாம்."

சரளாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அதை யார்மேல் காட்டுவது? அந்த மென்பொருளின் ஒவ்வொரு திரையையும் வடிவமைத்த குழுவுக்குத் தலைவி அவள்தான். நர்ஸுகள் புண்ணை அளக்காமலேயே தாண்டிப் போகிறார்கள் என்று ஆஸ்பத்திரி குறைசொன்னபோது, அந்தக் கட்டத்தைக் காலியாக விடமுடியாதபடி செய்யச் சொன்னவளும் அவள்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது. மாரியம்மா ஒன்று என்று தட்டினாள். ஒரு சென்டிமீட்டர்.

கிரீன்டவுனில் இருந்த அலுவலகத்துக்குத் திரும்பி, மூன்று மணிவரை வேலையில் மூழ்கியிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சுண்ணாம்புக் குன்றுகள் ஒவ்வொன்றாக மறைந்து, ஜன்னலில் தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தபோதுதான் அந்த வாடை முதலில் வந்தது. சுங்காய்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள் என்பதால் அவளுக்கு அது உடனே தெரிந்தது. கோப்பையில் உறைந்துபோன ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டி, மழையில் நாலு நாள் போட்டுவைத்தால் வரும் வாடை. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு இருபது வருடமாகிறது. ஏர்கான் போட்ட இரண்டாம் மாடி அறைக்குள் அது எங்கிருந்து வரும்? குப்பைக்கூடையைப் பார்த்தாள். ஏர்கானுக்கு அடியில் நின்று மோந்து பார்த்தாள். நாற்காலிக்குத் திரும்பியபோது வாடையும் அவளோடு திரும்பி வந்து உட்கார்ந்தது.

செருப்பைக் கழற்றினாள். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், சுண்டுவிரல் நகமளவு ஒரு புண். ஓரம் வெள்ளையாக, நடுவில் கறுப்பாக. வலியே இல்லை. வலிக்காதது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த கென்னத்தைக் கூப்பிட்டாள். அந்த மென்பொருளின் நிரல் எழுதுபவன் அவன். புண்ணைப் பற்றிச் சொல்லாமல், தன் ரெக்கார்டை மட்டும் திறந்து பார்க்கச் சொன்னாள். அவன் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனான்.

"இது ரெண்டு ஆளோடது அக்கா. மூனு வாரத்துக்கு முன்னாடி ஒன்னாச் சேத்திருக்காங்க."

"எந்த மடையன் சேத்தது?"

கென்னத் திரையை அவள் பக்கம் திருப்பினான். சேர்த்தவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது.

மென்பொருளை ஆஸ்பத்திரியில் தொடங்கிவைத்த நாள் அது. நிர்வாகிகள் ஆறேழு பேர் முதுகுக்குப் பின்னால் நிற்க, கவுண்டரில் அவளே உட்கார்ந்து செய்துகாட்டினாள். வரிசையில் முதலில் வந்தவள் காலில் கட்டுப் போட்ட ஒரு பெண். பெயர் சரளா, அப்பா பெயர் பத்துமலை. ஐசி என்கிற அடையாள அட்டை கிடையாது. தோட்டத்தில் பிறந்து, யாரும் பதியாமல் விட்ட பிள்ளை. பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு வழக்கமாகப் போடும் ஜனவரி ஒன்றை யாரோ முன்பே போட்டிருந்தார்கள். இவளுடைய அப்பாவும் பத்துமலைதான். இவளுடைய அட்டையிலும் ஜனவரி ஒன்றுதான், தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணி பிள்ளைகளை மொத்தமாகப் பதிந்த தேதி. மென்பொருள் இரண்டு ரெக்கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'ஒரே ஆள்' என்ற பெரிய பச்சைப் பொத்தானைக் காட்டியது. பழைய முறையில் கிளார்க்குகள் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். ஐந்தையும் எடுத்துவிட்டு அந்த ஒரு பொத்தானை வைத்ததற்காகத்தான் அவளுக்குத் தலைவி பதவியே கிடைத்தது.

"ஐசி இருக்குன்னு காட்டுதேம்மா?" என்று கேட்டிருந்தாள்.

"எனக்கு ஐசியே இல்லீங்க மிஸ். அது நான் இல்ல."

அமுக்கிவிட்டு, "ஒரே விநாடி" என்று நிர்வாகிகளைத் திரும்பிப் பார்த்தாள். கைதட்டினார்கள். தன் பெயரே திரையில் இருந்தது. கண்ணில் பட்டது, ஆனால் படிக்கவில்லை. யாரும் படிக்கத் தேவையில்லாதபடி அந்தத் திரையைச் செய்திருந்தாள். அதை இப்போது நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"பிரிச்சு விடு" என்றாள்.

"வழியில்லக்கா. கிளார்க்குங்க கொழம்பிடுவாங்கன்னு நீங்கதானே பிரிக்கிற பட்டன எடுக்கச் சொன்னீங்க? ரெண்டு பேரும் நேர்ல போயி டாக்டர் முன்னாடி நின்னாத்தான் உண்டு."

"சரி, அந்தப் புண்ணையாவது மாத்து."

"மாறுதான்னு பாக்குறேன். ரெண்டு போட்டிருக்கேன்."

மேசைக்கு அடியில் அவள் பாதத்தில் ஏதோ பழுத்த பழத்தின் தோல்போல விட்டுக்கொடுத்தது. விரலிடுக்கில் ஈரம் ஊறியது. வலி இல்லை.

"ஒன்னாக்கு. திரும்ப ஒன்னாக்கு கென்னத்."

"கொறைக்கணும்னா டாக்டர் கையெழுத்து வேணுமே" என்று சொல்லிக்கொண்டே அவன் குனிந்தான். கீழே பார்த்துவிட்டான். கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தான். அவன் முகத்தில் இருந்தது பயம் இல்லை, அருவருப்பு. தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாயைப் பார்த்த முகம். "எனக்கு ஒடம்பு சரியில்லக்கா, நான் கெளம்புறேன்" என்றான். மோட்டார் சைக்கிளில் அவன் போகும் சத்தம் மழைக்குள் கரைந்தது.

இப்போது அறையில் அவளும் வாடையும்தான். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். வழி ஒன்று இருக்கிறதே. அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றால் போதும். கால் தப்பிவிடும். மன்னிப்புக் கேட்கலாம், காரில் கொண்டுபோய் விடலாம், எது கேட்டாலும் செய்யலாம். ரெக்கார்டில் அவளுடையது அல்லாத ஒரு போன் எண் இருந்தது. அதற்கு அடித்தாள்.

ஓர் ஆண் எடுத்தான். பின்னால் பலர் பேசும் சத்தம், வரிசை எண்ணை அழைக்கும் குரல்.

"சரளா இருக்காங்களா?"

"யாரு பேசுறது?"

"நல்லாயன் ஆஸ்பத்திரி சிஸ்டம் விஷயமா. அவங்கள நான் அவசரமாப் பாக்கணும்."



"நான் சீனி, அவ வீட்டுக்காரன். சரளாவப் பொதச்சு ஒம்போது நாளாச்சு."

திரையின் வெளிச்சம் மேசைமேல் விழுந்துகிடந்தது. அதையே பார்த்தாள்.

"மூனு தடவ வந்தா, கட்டு மாத்த. இந்த ரெக்கார்டுல ஐசி இருக்கு, நீ அந்த ஆளு இல்லன்னாங்க. காலத் தூக்கிக் காட்டுனா. வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகாவ விட்டு வெளிய தள்ளுனாங்க. இப்ப அவ போனுக்குத் தினம் மெசேஜ் வருது, கட்டு மாத்த வாங்கன்னு. அத நிப்பாட்டச் சொல்லத்தான் வந்திருக்கேன். கவுண்டர்லதான் நிக்கிறேன்."

"என்ன சொல்லி?"

"என்ன சொல்லுவாங்க? செத்துட்டான்னுதான்."

சரளா எழுந்துவிட்டாள். இடது கால் தரையில் பட்டதே தெரியவில்லை.

"சொல்லாதீங்க. அண்ணே, சொல்லாதீங்க. போன கவுண்டர்ல இருக்கவங்ககிட்ட குடுங்க."

"ஏன்?"

"அந்த ரெக்கார்டுல நானும் இருக்கேன். என் பேரும் சரளா."

மறுமுனையில் அடுத்த வரிசை எண்ணை அழைத்தார்கள்.

"அந்தப் பச்சப் பட்டன அமுக்குன மிஸ்ஸா நீ?"

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"அது நான் இல்லன்னு அவ சொன்னா. பக்கத்துலதான் நின்னேன். நீ திரும்பிக்கூட பாக்கல."

"தப்புதான். தப்புதான் அண்ணே. போன மட்டும் குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

போனை அவன் எங்கோ கீழே வைத்தான். அணைக்கவில்லை. ஒரு பெண் குரல் பெயர் கேட்டது. சரளா. அப்பா பேரு? பத்துமலை.

திரையில் அவளுடைய ரெக்கார்டை வேறு யாரோ திறந்தார்கள். கவுண்டர் ஐந்து.

இன்று காலையில் இவளுக்குப் பரிசோதனை நடந்ததாகப் பதிவாகியிருப்பதை அந்தக் கிளார்க் பார்த்தால் போதும், ஆள் உயிரோடிருப்பது தெரிந்துவிடும். பார்க்கமாட்டாள். படிக்கமாட்டாள். பார்க்கவும் படிக்கவும் அங்கே ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் சரளா சுருக்கிவைத்திருந்தாள்.

இறப்பு என்ற பக்கம் திறந்தது.

கத்தினாள். ஆஸ்பத்திரி கவுண்டரில் எங்கோ கிடக்கும் போனுக்குள் அவள் குரல் யாருக்குக் கேட்கும்.

இடம். நிரம்பியது.

தேதி.

"ஒம்போது நாளு ஆச்சு" என்றான் சீனி, தூரத்தில்.

இன்றைய தேதி வந்தது. அழிந்தது. பின்னால் போனது. ஒரு நாள். இரண்டு. ஐந்து. எட்டு.

ஒன்பது.

விசை தட்டும் சின்னச் சத்தம்.

மழை கேட்கவில்லை. போன் கேட்கவில்லை. மறுபடி கத்த வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. முதல் ஈ வந்து மணிக்கட்டில் உட்கார்ந்தது. ஓட்ட நினைத்தாள். கையை விசைப்பலகையிலிருந்து தூக்கினாள்.

கை வந்தது. தோல் வரவில்லை.

உள்ளங்கையும் ஐந்து விரலும் சாம்பல் நிறத்தில், கழற்றிவைத்த உறைபோல விசைகள்மேல் கிடந்தன. நகங்கள் அதிலேயே இருந்தன. இன்னொரு ஈ. மூன்றாவது ஈ கண்ணிலேயே வந்து உட்கார்ந்தது. இமை மூடவில்லை. அதன் கால்களுக்கு நடுவே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.