மூன்றாவது ரெப்பாசிட்டரி

அந்த வரியை மூன்றாவது முறையாக ஒட்டிவிட்டு என்டரைக் குத்தினாள் சிவசங்கரி. மணி இரண்டு நாற்பத்தெட்டு. போன கரண்ட் மூன்றுக்கு வந்துவிடும்.

ஆரணியில், பட்டுத்தறிகளுக்குப் புரோகிராம் எழுதும் மாடி ஆபீஸ் அது. புரோகிராம் மூன்று ரெப்பாசிட்டரிகளில், அதாவது யார் எப்போது மாற்றினார்கள் என்று பதியும் மூன்று சேமிப்பிடங்களில், பிரிந்து கிடந்தது. டிசைனுக்கு ஒன்று, டிசைனைத் தறிக்குப் புரியும்படி மாற்ற ஒன்று, பக்கத்து ஊரான சேவூரில் இருக்கும் தறியின் மோட்டாரை ஓட்ட ஒன்று. ஒன்றில் மாற்றினால் மற்ற இரண்டிலும் கையால் மாற்ற வேண்டும். முக்கியமாக, இழை அறுந்ததும் தறியை நிறுத்தும் அந்த ஒற்றை வரி மூன்றிலும் இருந்தாக வேண்டும். கரண்ட் வந்ததும் சேவூர்க் கம்ப்யூட்டர் மூன்றாவதில் கிடப்பதை எடுத்துக்கொண்டு தறியை ஓட்ட ஆரம்பித்துவிடும்.

திரையைப் புதுப்பித்தாள். முதல் இரண்டில் வரி இருந்தது. மூன்றாவதில் இல்லை.

அழித்தவர்: திருமலை. நேரம்: இன்று, 2.49.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவளோடு புரோகிராம் எழுதிய திருமலை செத்து ஒரு வருஷம் ஆகிறது. அதே சேவூர்த் தறியில், அறுந்த இழையைப் பார்க்கக் குனிந்தபோது தோள் துண்டு சிக்கி.

"செத்தும் பேஜார் பண்றியேடா!" என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்துக் கத்தினாள். எல்லோரும் வெம்பாக்கத்துக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். யூபிஎஸ் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருக்க, மூடிய ஜன்னலுக்குள் வெயில் வெந்துகொண்டிருக்க, எங்கிருந்தோ கஞ்சி போட்ட ஈரப் பட்டின் வாடை வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்தது. அவன் உடம்பைத் தறியிலிருந்து எடுத்த அன்று வந்த அதே வாடை.

செல்போனை எடுத்தாள். சேவூரில் தறி ஓட்டுவது திருமலையின் அண்ணன் ஜெயவேல்.

"அண்ணே, மோட்டார் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணுங்க. ஜல்தி!"

"இன்னாம்மா, அறுந்த இழையக் கட்டிகினு கீறேன். ரெண்டு கையும் உள்ள கீது, போனைத் தோள்ல இடுக்கிகினு பேசறேன்."

"கைய எடுங்க முதல்ல!"

ஜெயவேல் சிரித்தார். "ஸ்விட்ச்சை யார் தொடுறா இங்க? இழை அறுந்தா தானா நின்னுடும்னு நீதான சொல்லிக் குடுத்த. உன் கம்ப்யூட்டர் எதுக்கு கீது, சாமி கும்பிடவா?"

அது உண்மை. சேவூரில் யாரும் ஸ்விட்ச்சை அணைப்பதில்லை. தறி நிற்கும் என்று நம்பித் தலையை உள்ளே நீட்டுவார்கள்.

"இல்ல அண்ணே, அந்த வரி..."

"வரியா? என் தம்பி அழிச்சிட்டுச் செத்தானே, அதுவா? அவன் பண்ண தப்ப ஊரே சொல்லிக்காட்டுது. நீயும் ஆரம்பிச்சிட்டியா?" அவர் குரல் கொதித்தது. "போனைத் தறிமேல வெக்கிறேன். சொல்றத அங்கிருந்தே சொல்லு."

சொல்ல அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைக் கேட்டால் அவர் நிச்சயம் கையை எடுத்துவிடுவார்.  

அதைச் சொல்லாமல், திரும்பி விசைப்பலகையை வெறியோடு அடித்தாள். ஒட்டினாள். அனுப்பினாள்.

வரி இருந்தது.

இல்லை.

திருமலை. 2.57.

மறுபடி. திருமலை. 2.58.

"விடுடா! அவர் உன் அண்ணன்டா!"

டக்.

பக்கத்து மேஜையில். ஒரு வருஷமாக யாரும் தொடாத விசைப்பலகை. தூசியில் ஒரு விசை மட்டும் சுத்தமாக இருந்தது.

டக். இன்னொன்று.

மின்விசிறி சுழன்றது. கரண்ட்.

போனில் சேவூர்த் தறி மூச்சு விட்டது. டடக். டடக். டடக்.

"அண்ணே!" சிவசங்கரி அலறினாள். "அண்ணே, நான்தான்... நான்..."

டடக். டடக்.

ஜெயவேல் பதில் சொல்லவில்லை. தறி நிற்கவில்லை.

திரை தானாகப் புதுப்பித்துக்கொண்டது. மூன்றாவது ரெப்பாசிட்டரியில் புதிய பதிவு. இந்த முறை பெயர் மாறியிருந்தது.

அழித்தவர்: சிவசங்கரி. காரணம்: தறியின் வேகம் போதவில்லை, வரியை எடுத்துவிட்டேன்.

பக்கத்து மேஜையில் விசைகள், தறியின் தாளத்துக்கு, ஒவ்வொன்றாகத் தாழ்ந்து எழுந்தன. அந்த வார்த்தைகள் அவளுக்குப் புதிதல்ல. போன வருஷம், திருமலை சாப்பிடப் போன பத்து நிமிஷத்தில், அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் பெயரில் அதை அடித்தவள் அவள்தான்.