பதினான்காம் எண் பலகை

நைலான் நரம்பு அறுந்தது. இது மூன்றாவது தடவை.

சல்கின் அறுந்த முனையைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டு, எண் பலகைக்கும் கதவுக்கும் நடுவே நுழைத்து மறுபடி ரம்பம்போல் இழுத்தாள். நிறுத்தினால் போச்சு. நரின் ஊர்க் குளிரில், சூடாக்கிய பசை இரண்டே நிமிடத்தில் கல்லாகிவிடும். விரல்கள் மரத்துப்போய் வெகுநேரமாகியிருந்தது. மற்றதெல்லாம் மரத்துப்போய் மூன்று வருடம்.

கீழே, கட்டடம் இடிக்கும் இயந்திரம் வந்து நின்றாயிற்று. மதியத் தொழுகை முடிந்ததும் தொடங்கிவிடுவார்கள். பழைய ஆஸ்பத்திரியின் இந்த மாடியில் முப்பது கதவுகள். இருபத்தொன்பது பலகைகளைக் கழற்றி அடுக்கியாயிற்று. மிச்சம் இது ஒன்றுதான்.

பதினான்கு. காய்ச்சல் பரவிய கோடையில் அவள் கணவன் மெலிஸ் உள்ளே போய்த் திரும்பாத அறை. பலகையை ஒட்டியதும் அவன்தான். இதை உடையாமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தாள்.

"நாலு விரல் வச்சிருந்தவன் ஒட்டின டேப்பே இந்தப் பிடி பிடிக்குது," என்றார் குபாத், சூட்டுக்காற்று ஊதும் கருவியைப் பிடித்தபடி. மெலிஸோடு பத்து வருடம் வேலை பார்த்தவர். "வலது கை ஆள்காட்டி விரலை மெஷின் தின்னாம விட்டிருந்தா, கதவோடதான் பேத்து எடுக்கணும்."

"ஊதுங்கண்ணே. பேச்சு அப்புறம்."

"பசை கரைக்கிற தைலம் காலி, தங்கச்சி."

மதியச் சமையலுக்கென்று குபாத் வைத்திருந்த பருத்திவிதை எண்ணெயை எடுத்து, அவள் பலகையின் மேல் விளிம்பில் ஊற்றினாள். குபாத்தின் கை தயங்கியது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. எண்ணெய் காய்ஞ்ச வாசத்துக்குச் செத்தவங்க வருவாங்க. மாவு பொரிச்சு, பேர் சொல்லித் துவா பண்ணி அனுப்பணும். வெறும் வாசத்தைக் காட்டி ஏமாத்தக் கூடாது."

"வந்தா நரம்போட ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்க."

"விளையாடாதே. மூணு வருஷமா உன் வீட்டு அடுப்புல அவனுக்குன்னு ஒரு வாசம் எழும்பலைன்னு தெருவே பேசுது. ஏன்?"

அவள் கருவியை வாங்கித் தானே பிடித்தாள்.

எண்ணெய் புகைந்தது. வாசம் தாழ்வாரத்தின் கடைசிச் சுவர்வரை போய் முட்டித் திரும்பி வந்தது.

கூடவே ஒரு செருப்புச் சத்தமும் வந்தது.

நோயாளிகள் போடும் ரப்பர் செருப்பு. சரக். சரக். நின்றது. மறுபடி சரக். ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று நின்று வந்தது, அறை எண்ணைத் தேடுவதுபோல.

எண்களெல்லாம் அவள் காலடியில் அடுக்கிக் கிடந்தன.

தாழ்வாரத்தில் ஆள் இல்லை.

அவள் கருவியைக் கீழே வைத்தாள். சத்தம் நெருங்க நெருங்க, நரம்பை இழுத்துக்கொண்டே இருந்தாள். பலகை முழுசாகக் கையோடு வந்தது. கதவில் சாம்பல் நிறத்தில் பசை மட்டும், சதுரமாக, இளகிப் பளபளத்தது.

"பேரைச் சொல்லு," குபாத் கிசுகிசுத்தார். "பேர் கேட்டா போயிடுவான்."

"மெலிஸ்," என்றாள்.

போகவில்லை.

சரக்.

அவள் தோளருகே வந்து நின்றது.

கதவிலிருந்த பசையில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. யாரோ நிதானமாகக் கையை ஊன்றுவதுபோல. குபாத்தின் உதடுகள் எண்ணின.

"அஞ்சு... வலது கை. தங்கச்சி, இது அவன் இல்ல."

"தெரியும்ணே."

குழிகள் ஆழமாகிக்கொண்டிருந்தன. சல்கின் பலகையை மார்போடு அணைத்தபடி அதையே பார்த்தாள்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில், மெலிஸின் உடல் என்று கட்டிக் கொடுத்த பையை வண்டியில் ஏற்றும்போது ஓரம் கிழிந்து வலது கை வெளியே தொங்கியது. சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். அவள் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

போடுவதற்குமுன் விரல்களை எண்ணிப் பார்த்திருந்தாள்.

அந்தக் கையிலும் ஐந்து.